எட்டாம் எண் பாதை

பெரட்டு மணி ஆறேகாலுக்கு அடித்தது. பாஞ்சாலை வாசற்படியில் உட்கார்ந்து அதைக் கேட்டாள். எழவில்லை.

லயத்தில் மற்றக் கதவுகள் திறந்தன. ரப்பர் பூட்ஸ்களின் சத்தம். பெண்கள் கூடைகளை மாட்டிக்கொண்டு பெரட்டுக் களத்துக்கு இறங்கினார்கள். அங்கே கங்காணி பெயர் கூப்பிடுவார். கூப்பிட்ட பெயர் செக்ரோல் பதிவேட்டில் ஏறும். ஏறாத பெயருக்கு அன்று வேலை இல்லை. வெட்டிய பெயருக்கு வீடு இல்லை.

பக்கத்து வீட்டு வேலாயி அவள் முன்னால் நின்றாள்.

"என்னாடி, பேக்கெல்லாம் கட்டிட்ட. வெள்ளக்காரி மாதிரி ஹாலிடேயா?"

"ஆமா. திங்கக்கிழமை வந்துருவேன்."

"தவரணைக்கா?"

"பன்னெண்டாம் நம்பர் காட்டுக்கு."

வேலாயி அவளுடைய வலது முழங்காலைப் பார்த்தாள். பிறகு களத்துக்கு இறங்கிப் போனாள்.

ஜூன் மாதம் மழையில் பன்னிரண்டாம் எண் தேயிலைக் காட்டில் பாஞ்சாலை விழுந்தாள். முழங்கால் பிசகியது. இரண்டு மாதம் தவரணை என்கிற நாற்றங்காலில் உட்கார்ந்து நாற்றுப் பைகளுக்கு மண் அள்ளினாள். அது லேசு வேலை. லேசு வேலை இரண்டு மாதத்துக்குத்தான் என்று எஸ்டேட் ஆபீசில் கணக்கெழுதும் கிராணி சொன்னார். ஆகஸ்டு இருபத்திரண்டாம் தேதி திங்கட்கிழமை அவள் கூடையோடு மலைக்காட்டில் ஏற வேண்டும். முடியவில்லை என்றால் பெயரை வெட்டிவிடுவார்கள். வயது ஐம்பத்தொன்று. வருஷ லீவு ஏழு நாள் பாக்கி இருந்தது. அதை எடுத்துக்கொண்டாள்.

கோயில் திடலில் வேன் நின்றது. மகளும் மருமகனும் முதல் நாள் மாலையே ஈப்போவிலிருந்து வந்து அதிலேயே தூங்கினார்கள். மருமகன் கார்த்திகேசு மின்சார வாரியத்தில் வயர்மேன். பழைய ரொட்டி வேன் ஒன்றை வாங்கி, ஒன்றரை வருஷம் ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து அதை வீடாக்கியிருந்தான். உள்ளே பலகைக் கட்டில். கட்டிலுக்குக் கீழே கேஸ் அடுப்பு. கூரையில் தண்ணீர்த் தொட்டி, உள்ளே குழாய். ஜன்னலுக்குப் பழைய சேலையில் திரை. வெளியே பச்சைச் சாயம் அடித்திருந்தான். சாயத்துக்கு அடியில் ரொட்டியின் படம் இன்னும் தெரிந்தது.

பாஞ்சாலை போனபோது வேனைச் சுற்றி ஏழெட்டுப் பிள்ளைகள் நின்றார்கள்.

"ரொட்டி இல்லடா," கார்த்திகேசு சொல்லிக்கொண்டிருந்தான். "இது வீடு. உள்ள மனுசங்கதான் இருக்கோம்."

"கேக் இருக்கா?" என்று ஒரு சிறுமி கேட்டாள்.

மகள் குணவதி பெட்டியை வாங்கி உள்ளே வைத்தாள். அவள் ஈப்போவில் ஒரு பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி ஆசிரியை. கழுத்தில் விசில் இல்லாவிட்டாலும் இருப்பது போலவே நடப்பாள். கையில் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருந்தாள். அதில் ஐந்து நாளைக்கு நான்கு நடை எழுதியிருந்தது.

"இன்னிக்குப் பாரிட் அருவி. நாளைக்கு ராபின்சன் அருவி. வியாழக்கிழமை ஜாசார் மலை. வெள்ளிக்கிழமை பெரெம்பான். சனிக்கிழமை ஓய்வு."

"ஓய்வு எதுக்கு?"

"நீ நடந்து பாரும்மா. அப்புறம் கேளு."

வேன் எஸ்டேட் வாசலைத் தாண்டியது. இரண்டு பக்கமும் தேயிலை. நிரைகளுக்கு நடுவே தலைகள் மட்டும் தெரிந்தன. பாஞ்சாலை முன் இருக்கையில் உட்கார்ந்திருந்தாள். தேயிலையை அவள் ரோட்டிலிருந்து பார்த்தது குறைவு.

"ஒண்ணு பேசிக்குவோம்," குணவதி பின்னாலிருந்து சொன்னாள். "நீ பெரெம்பான் உச்சிக்கு உன் காலால ஏறிட்டா, நான் வேலையப் பத்தி வாயத் திறக்க மாட்டேன். ஏறலன்னா ஈப்போ வந்துரு. எங்ககூட இரு."

"ஈப்போவுல எனக்கு என்னா வேலை?"

"வேலை வேணாம்மா. சும்மா இரு."

"அதத்தான் கேக்குறேன்."

கார்த்திகேசு கியரை மாற்றினான். "வண்டிக்குள்ள சண்டை வேணாம்லா. வளைவு வருது."

"சரி," என்றாள் பாஞ்சாலை. "பெரெம்பான்."

பாரிட் அருவிக்குப் போகும் பாதை சமதளம். போக வர நாற்பது நிமிஷம். பாஞ்சாலை மூன்று இடத்தில் தடுக்கினாள். முழங்கால் வலிக்கவில்லை. கால் வைத்த இடத்தில் உடம்பு நிற்கவில்லை. பின்னால் யாரோ சேலையைப் பிடித்து இழுப்பது போல இருந்தது. அதை மகளிடம் சொல்லவில்லை.

மாலையில் அருவிக்குப் பக்கத்துத் திடலில் வேனை நிறுத்தினார்கள். கார்த்திகேசு அடுப்பை வெளியே எடுத்து மீன் டின்னைச் சூடாக்கினான். மாமியாரைக் கூப்பிட்டுக் குழாயைக் காட்டினான்.

"திறந்து பாருங்க அத்தை."

அவள் திறந்தாள். தண்ணீர் வந்தது.

"எங்க லயத்துக் குழாயவிட வேகமா வருதே மாப்பிள்ள."

அவன் அன்று முழுக்க அதைச் சொல்லிக்கொண்டிருந்தான்.

கட்டிலைப் பெண்களுக்கு விட்டுவிட்டு அவன் முன் இருக்கையில் மடங்கிப் படுத்தான். பாஞ்சாலை ஆஸ்பத்திரியைத் தவிர வேறெங்கும் வெளியில் படுத்ததில்லை. பலகை நன்றாகத்தான் இருந்தது.

புதன்கிழமை ராபின்சன் அருவி. பாதை கீழே இறங்கி, மறுபடி மேலே ஏறியது. குணவதி முன்னால் போனாள். பாஞ்சாலை தேயிலை நிரையில் நடப்பது போலப் பக்கவாட்டில் கால் வைத்து இறங்கினாள். அங்கே அது சரிவரவில்லை. ஒருமுறை சேற்றில் உட்கார்ந்துவிட்டாள்.

குணவதி திரும்பி வந்து கை நீட்டினாள்.

பாஞ்சாலை ஒரு வேரைப் பிடித்து எழுந்தாள்.

"பொடிப் பிள்ளைங்களுக்குச் சொல்ற மாதிரி சொல்றேன். குதிகால வச்சு இறங்கு."

"முப்பத்தாறு வருசமா மலையில இறங்குறேன்."

"தெரியுது."

பாஞ்சாலை சேலையைப் பிழிந்தாள். குணவதி கைக்கடிகாரத்தைப் பார்த்து நோட்டில் எழுதினாள். பாஞ்சாலைக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் முந்தின நாள் எழுதியதைவிட இது சின்ன வரி என்று தெரிந்தது.

வேனில் கார்த்திகேசு காலில் ஒட்டிய அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் வேனைவிட்டு இருபது அடி கூடப் போகவில்லை.

"எங்கயும் போகாதவனைத் தேடி வந்து கடிக்குது அத்தை."

"போகாம உக்காந்திருக்கீங்கல்ல, அதுக்கு வசதி." அவள் சுண்ணாம்பைத் தொட்டு வைத்தாள். அட்டை விழுந்தது.

வியாழக்கிழமை ஜாசார். பத்தாம் எண் பாதை. தகரப் பலகையில் எண் எழுதி மரத்தில் அடித்திருந்தார்கள். முதல் அரை மணி நேரம் பாஞ்சாலை நன்றாக ஏறினாள். அதற்கு மேல் களிமண் சரிவு. ஈரம். பிடிக்க ஒன்றும் இல்லை. உடம்பு பின்னால் சாய்ந்தது. முன்னால் குனிந்தால் தலை சுற்றியது. ஒரு கையை ஊன்றி ஏறப் பார்த்தாள். சறுக்கினாள். வலது முழங்கால் ஒரு வேரில் போய் இடித்தது.

அவள் அங்கேயே உட்கார்ந்தாள். குணவதி பக்கத்தில் வந்து முழங்காலைத் தொட்டுப் பார்த்தாள். வீக்கம் இல்லை. தோல் மட்டும் உரிந்திருந்தது.

"போதும்மா."

"கொஞ்ச நேரம் இரு. ஏறுறேன்."

"பாதி கூட வரல. பெரெம்பான்ல சரிவு இதவிட மோசம். ரெண்டு மடங்கு."

பாஞ்சாலை மறுபடி எழுந்து இரண்டு முறை முயன்றாள். இரண்டு முறையும் அதே இடத்துக்குச் சறுக்கி வந்தாள். பிறகு திரும்பினார்கள். வழியெல்லாம் குணவதி மெதுவாக நடந்தாள். அவள் முகத்தில் வருத்தம் இருந்தது. நிம்மதியும் இருந்தது. பாஞ்சாலை இரண்டையும் பார்த்தாள்.

அன்று மாலை கியா பார்முக்குப் போனார்கள். கேமரன் மலைக்கு வந்தவன் முட்டைக்கோஸ் (அவர்கள் பேச்சில் கோபிஸ்) வாங்காமல் ஈப்போவுக்குத் திரும்ப முடியாது. கார்த்திகேசுவிடம் அண்ணன் இரண்டு கேட்டிருந்தான். சித்தி மூன்று. ஆபீசில் நான்கு பேர். ரோட்டோரக் கடையில் இருப்பது நேற்று வெட்டியது, கீழே தோட்டத்திலேயே வாங்கலாம் என்று அவன் சொன்னான். தோட்டக்காரச் சீனர் பன்னிரண்டு கோஸ் வெட்டி வரப்பில் வைத்தார். வேன் மேலே ரோட்டில் நின்றது. நடுவே செங்குத்தான மண் படிகள், ஐம்பதுக்குக் குறையாது.

குணவதி துண்டும் சோப்பும் எடுத்துக்கொண்டு பக்கத்துக் கடையின் குளியலறைக்குப் போயிருந்தாள்.

பாஞ்சாலை வேனின் பின் படியில் உட்கார்ந்து முழங்காலில் எண்ணெய் தேய்த்தாள்.

"மாப்பிள்ள, காலையில பெரெம்பான் அடிவாரத்துக்கு எத்தன மணிக்கு விடுவீங்க?"

கார்த்திகேசு துணியை எடுத்து வேனின் கண்ணாடியைத் துடைத்தான். அது சுத்தமாகத்தான் இருந்தது.

"இன்னமும் ஏறணுமா அத்தை?"

"பேசுனது பேசுனதுதான."

"இல்ல, அதுக்குச் சொல்லல." அவன் துணியை மடித்தான். "எனக்கு மனசுல வச்சிக்க முடியாது. குணா திங்கக்கிழமை சாயங்காலமே கிராணியப் பார்த்துட்டா. ஒரு லெட்டர் குடுத்துட்டா. நீங்க இனிமே வேலைக்கு வர மாட்டீங்க, பேர எடுத்துருங்கன்னு. நான் சொன்னேன்னு சொல்லாதீங்க."

பாஞ்சாலை எண்ணெய்ப் புட்டியை மூடினாள்.

"வேற யாரு சொன்னான்னு சொல்றது? இங்க நீங்களும் நானும் கோபிசும்தான் இருக்கோம்."

அவன் அசட்டுத்தனமாகச் சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு படியில் இறங்கினான். ஒரு கைக்கு ஒன்றாக இரண்டு கோசைத் தூக்கிக்கொண்டு வந்தான். பாதியில் நின்று மூச்சு வாங்கினான்.

"வைங்க மாப்பிள்ள. இப்படித் தூக்குனா விடிஞ்சிரும்."

அவள் கீழே இறங்கினாள். இறங்கும்போது கால் இரண்டு இடத்தில் ஆடியது. வரப்பில் ஒரு பிரம்புக் கூடை கிடந்தது. தேயிலைக் கூடையைவிடச் சிறியது, தோளுக்கு இரண்டு வார் இருந்தது. தோட்டக்காரரிடம் கை காட்டிக் கேட்டாள். அவர் தலையாட்டினார். எட்டுக் கோசை அடுக்கி முதுகில் மாட்டிக்கொண்டு ஏறினாள்.

மனத்தில் அந்தக் கடிதம்தான் இருந்தது. யார் கேட்டார்கள். எந்தப் பாஷையில் எழுதினாள். கிராணி படித்துவிட்டு என்ன சொல்லியிருப்பார். ரோட்டுக்கு வந்து கூடையை இறக்கிய பிறகுதான் படிகள் முடிந்துவிட்டன என்று தெரிந்தது. ஒரு இடத்திலும் தடுக்கவில்லை.

அவள் திரும்பிப் படிகளைப் பார்த்தாள்.

வெறும் முதுகோடு இறங்கினாள். கால் ஆடியது. மேலே ஏறினாள். உடம்பு பின்னால் இழுத்தது. கூடையில் கோசைப் போட்டுக்கொண்டு இறங்கினாள். கால் நின்றது. ஏறினாள். நின்றது.

"என்னாத்தை, கொண்டுவந்தத மறுபடி கீழ கொண்டுபோறீங்க?"

"சும்மா இருங்க மாப்பிள்ள."

மூன்றாம் முறையும் பார்த்தாள். பதினைந்து வயதிலிருந்து அவள் சரிவில் வெறும் முதுகோடு நடந்ததில்லை. ஏறும்போது காலிக் கூடை, இறங்கும்போது நிறைந்த கூடை. விழுந்த அன்று மட்டும் வார் அறுந்து கூடை தனியே உருண்டு போனது. அதற்குப் பிறகு இரண்டு மாதம் உட்கார்ந்து மண் அள்ளினாள். முழங்காலைத்தான் எல்லாரும் பார்த்தார்கள். அவளும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தோட்டக்காரரிடம் கூடையை நாளை மாலை வரை கேட்டாள். அவர் சரி என்றார்.

குணவதி ஈரத் தலையோடு வந்தாள். அம்மா கூடையின் வாரை இழுத்துப் பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டாள். கணவனைப் பார்த்தாள். அவன் ரேடியேட்டர் மூடியைத் திறக்கப் போய்விட்டான்.

"லெட்டர்ல என்னா எழுதுன?" என்றாள் பாஞ்சாலை.

குணவதி துண்டைத் தோளில் போட்டாள். "அம்மாவுக்கு முடியல. இருபத்திரண்டாம் தேதியிலேருந்து வர மாட்டாங்க. பேர எடுத்துருங்கன்னு."

"யாரக் கேட்டு?"

"கேட்டா விடுவியா?"

"விட மாட்டேன். அதனாலதான் கேக்கணும்."

குணவதி தோளிலிருந்த துண்டை எடுத்துத் தலையைத் துவட்டினாள்.

"அப்ப இந்த நடையெல்லாம் எதுக்கு? நோட்டு எதுக்கு? பெரெம்பான் எதுக்கு?"

"நீயே ஏறிப் பார்த்து, முடியலன்னு நீயே தெரிஞ்சிக்குவன்னு நினச்சேன். நான் சொல்லி நீ எப்பக் கேட்ட?"

"ஏறிட்டா என்னா பண்ணிருப்ப?"

"ஏற மாட்டன்னுதான் நினச்சேன்."

கார்த்திகேசு ரேடியேட்டருக்குள் ரொம்ப நேரம் பார்த்தான்.

"லெட்டர் எங்க இருக்கு?"

"கிராணி மேசையில. துரை லீவுல இருக்காரு. திங்கக்கிழமை காலையில வந்ததும் குடுப்பாரு."

"அப்ப இன்னும் வெட்டல."

"இன்னும் வெட்டல."

பாஞ்சாலை கூடையைக் கீழே வைத்தாள். "நாளைக்கு நான் பெரெம்பான் மேல போயி நின்னா, நீயே கிராணிகிட்டப் போயி அதத் திருப்பி வாங்கணும். நான் வர மாட்டேன். வேலாயிய அனுப்ப மாட்டேன். குடுத்தவதான் வாங்கணும்."

"ஏறலன்னா?"

"ஏறலன்னா ஈப்போ. அதான் பேசியாச்சே."

"ஜாசார்லயே முடியலம்மா."

"நாளைக்குக் கோபிசோட ஏறுறேன்."

குணவதி புரியாமல் கூடையைப் பார்த்தாள். பாஞ்சாலை அரிசி கழுவப் போனாள். குழாயைத் திறந்தாள். கார்த்திகேசு அன்று அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ராபின்சன் அருவிக்கு மேலே வேனை நிறுத்தினார்கள். எட்டாம் எண் பாதை அங்கிருந்து பிரிந்து பெரெம்பானுக்கு ஏறுகிறது. பாஞ்சாலை கூடையில் ஆறு கோஸ் வைத்தாள். எட்டு அதிகம், நான்கு போதாது. சேலையைக் கெண்டைக்கால் தெரியத் தூக்கிக் கட்டினாள். தலையில் துணி. காலில் வேலைக்குப் போடும் ரப்பர் பூட்ஸ்.

"அது சித்தியோட கோபிஸ்," கார்த்திகேசு சொன்னான். "அடிபடாம கொண்டாங்க அத்தை."

"நீங்களும் வாங்க. புடிச்சிக்கலாம்."

"வீட்ட யாரு பார்த்துக்குவா?"

அவர்கள் ஏறினார்கள். முதல் கால் மணி நேரத்திலேயே குணவதி பின்னால் வந்தாள். பாஞ்சாலை வேகமாகப் போகவில்லை. ஒரே மாதிரி போனாள். இடுப்பிலிருந்து கொஞ்சம் முன்னால் சாய்ந்து, முழுப் பாதத்தையும் பதித்து, அடுத்த காலை வைத்தாள். சுமை முதுகில் உட்கார்ந்து அவளை மண்ணோடு அழுத்திப் பிடித்திருந்தது. வேர்கள் படிபோல வந்தன. படிபோல ஏறினாள். முழங்கால் வலித்தது. வலித்தாலும் மடங்கவில்லை.

ஒரு மணி நேரம் கழித்துக் குணவதி கூப்பிட்டாள்.

"கொஞ்சம் நில்லும்மா. தண்ணி குடி."

"நீ குடி."

"பத்து நிமிசம் ஓய்வு எடுக்கணும். அதுதான் முறை."

"எங்களுக்கு நிறுவைக்குத்தான் நிக்கிற பழக்கம். இங்க தராசு எங்க இருக்கு?"

குணவதி நின்றபடியே குடித்துவிட்டு ஓடி வந்தாள்.

எதிரே சாரணர் உடையில் மலாய்ப் பையன்கள் சிலர் இறங்கி வந்தார்கள். கூடையைப் பார்த்ததும் நின்றார்கள். முன்னால் வந்தவன், கோஸ் விற்கிறீர்களா மக்சிக் என்று மலாயில் கேட்டான்.

"மேலதான் கடை," என்று பாஞ்சாலையும் மலாயில் சொன்னாள். "மேல வந்து வாங்கு."

அவர்கள் சிரித்துக்கொண்டு வழி விட்டார்கள். ஒருவன் குணவதியைப் பார்த்து, அக்கா உங்கள் கடைக்காரம்மா போய்விட்டார் என்றான்.

அதற்குப் பிறகு பாதை செங்குத்தானது. பனி இறங்கியது. மரங்களில் பாசி தொங்கியது. பத்தடிக்கு மேல் தெரியவில்லை. ரொம்ப நேரம் பூட்ஸ் சத்தமும் மூச்சுச் சத்தமும்தான்.

குணவதிதான் முதலில் பேசினாள். பின்னாலிருந்து, முகம் தெரியாமல் பேசினாள்.

"நீ விழுந்த அன்னிக்கு ஸ்கூலுக்குப் போன் வந்துச்சு. அம்மா விழுந்துட்டாங்கன்னு மட்டும் சொல்லிட்டு லைன் கட்டாயிருச்சு. நான் பஸ் ஏறி தாப்பா வந்து, அங்கேருந்து தானா ராத்தா வர்ற வரைக்கும் நீ உயிரோட இருக்கியான்னு தெரியாது. நாலு மணி நேரம்."

பாஞ்சாலை திரும்பாமல் கேட்டுக்கொண்டே ஏறினாள்.

"பஸ்ல பக்கத்துல இருந்த அம்மா ஆரஞ்சுப் பழம் குடுத்தாங்க. அதக் கையிலேயே வச்சிருந்தேன். ஆஸ்பத்திரிக்கு வந்தா நீ கட்டில்ல உக்காந்து, கூடைய யாரு எடுத்தான்னு கேட்டுட்டு இருக்க."

"புதுக் கூடை அது."

"அம்மா."

"நீ பயந்தது சரி. பயந்தா எங்கிட்ட வந்து சொல்லணும். கிராணிகிட்ட இல்ல."

ஒரு சரிவில் களிமண் வந்தது. ஜாசாரில் இருந்தது போலவே, அதைவிட நீளம். பாஞ்சாலை நின்று பார்த்தாள். ஓரமாக ஒரு மெல்லிய மரம் இருந்தது. அதற்குக் கை எட்டும் தூரத்தில் கால் வைத்தாள். இரண்டாவது காலை எடுத்தபோது வலது முழங்கால் உள்ளே வழுக்கியது. அவள் மண்டியிட்டுவிட்டாள். கூடை ஒரு பக்கம் சாய்ந்தது.

குணவதி பாய்ந்து வந்து கூடையின் அடியைத் தாங்கிப் பிடித்தாள்.

"கையை எடு."

"விழுந்துருவ."

"எடு குணா. நீ புடிச்சா நீ ஏத்துனதா ஆயிரும்."

குணவதி கையை எடுக்கவில்லை. பாஞ்சாலையும் எழவில்லை. மண்டியிட்டபடியே காத்திருந்தாள். மேலே ஏதோ ஒரு பறவை இரண்டு தரம் கத்தியது. பிறகு முதுகில் சுமை கனத்தது. மகள் கையை எடுத்துவிட்டாள் என்று தெரிந்தது.

பாஞ்சாலை வாரை இழுத்துக் கூடையை நடுவில் கொண்டுவந்தாள். இடது காலை ஊன்றினாள். வலது காலைப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தாள். உடனே எழவில்லை. சுமை முன்னால் வரும்வரை குனிந்தாள். வந்ததும் எழுந்தாள். மரத்தைப் பிடித்தாள். அடுத்த அடி வேரில் வைத்தாள். களிமண் முடிந்தது.

பின்னால் குணவதி நான்கு கால்களில் ஏறிக்கொண்டிருந்தாள். புதுக் கேன்வாஸ் சப்பாத்து இரண்டு முறை வழுக்கியது. பாஞ்சாலை மேலே நின்று பார்த்தாள்.

"குதிகால வச்சு ஏறு," என்றாள்.

குணவதி தலையை நிமிர்த்தி முறைத்தாள். பிறகு சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததில் இன்னொரு முறை வழுக்கினாள்.

பன்னிரண்டே முக்காலுக்கு மேலே வந்தார்கள். அங்கே சின்ன வெட்டவெளி. நில அளவைக்காரர் நட்ட ஒரு சிமெண்டுக் கல். அதன் பக்கத்தில் தகரப் பலகை. பனிக்குள் ஊர் ஒன்றும் தெரியவில்லை.

"அதுல என்னா எழுதியிருக்கு?"

"பெரெம்பான். அப்புறம் உயரம்."

"வேற ஒண்ணும் இல்லையே? இன்னும் மேல போகணும்னு?"

"இல்லம்மா. இதுதான்."

பாஞ்சாலை கூடையை இறக்கிக் கல்லின் மேல் வைத்தாள். மேலே இருந்த கோஸில் இரண்டு இலை கிழிந்திருந்தது. கிழிந்ததை உரித்துப் போட்டாள். கைகளைச் சேலையில் துடைத்தாள். உட்காரவில்லை.

குணவதி ஈரப் புல்லில் உட்கார்ந்து கால்களை நீட்டினாள். நோட்டை எடுத்தாள். கடிகாரத்தைப் பார்த்து ஒரு வரி எழுதினாள். எழுதிவிட்டுப் பேனாவைக் கையிலேயே வைத்திருந்தாள்.

"நாளைக்குச் சனிக்கிழமை," என்றாள் பாஞ்சாலை. "ஆபீசு பன்னெண்டு வரைக்குந்தான். இன்னிக்குச் சாயங்காலம் கியா பார்ம்ல கூடையக் குடுத்துட்டு, காலையில நேரா எஸ்டேட்டுக்குப் போயிரலாம்."

குணவதி தலையாட்டினாள்.

"கிராணி சும்மா குடுக்க மாட்டாரு. டீச்சர் எழுதிக் குடுத்தது, ஏன் திருப்பிக் கேக்குறீங்கன்னு நிறுத்தி வச்சுக் கேப்பாரு. பக்கத்துல நாலு பேரு நிப்பாங்க."

"தெரியும்."

பாஞ்சாலை மகளுக்கு எதிரே வந்து நின்றாள்.

"அவருகிட்ட என்னா சொல்லுவ? இப்ப எங்கிட்டச் சொல்லு, கேப்போம்."